நாற்பத்திரண்டாவது கல்வெட்டு

கஜனியின் அப்பா இறந்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. பதினொரு வயதுப் பிள்ளை நாட்களை இப்படி எண்ணக் கூடாதுதான். ஆனால் அந்த வீட்டில் எல்லோருமே எண்ணிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். அதற்குள் அப்பாவின் கல்வெட்டு அச்சாகி வந்துவிட வேண்டும்.

கல்வெட்டு என்றதும் உளியும் சுத்தியலும் உங்கள் நினைவுக்கு வருகிறதா? இது வேறு. யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளில் வருபவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே தேவாரம் இருக்கும். அவர் எங்கே பிறந்தார், என்ன வேலை செய்தார், அவருடைய அப்பா யார், அந்த அப்பாவின் அப்பா யார் என்றெல்லாம் எழுதியிருக்கும். சபையில் அதை ஒருவர் எழுந்து வாசிப்பார். அந்தப் புத்தகத்துக்குத்தான் கல்வெட்டு என்று பெயர்.

கனடாவில் அவர்கள் இருந்த மோர்னிங்சைட் பக்கத்தில் யாருக்காவது கல்வெட்டு வேண்டுமென்றால் கஜனியின் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். அவர் பெயர் அருள்நாயகம். கிழமை நாட்களில் கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில், வீட்டு மூலையில் இருந்த கணினியில் தமிழ் எழுத்துகளை அடித்துக்கொண்டிருப்பார். இதுவரை நாற்பத்தொரு பேருக்குக் கல்வெட்டு செய்து கொடுத்திருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், தனக்கென்று ஒரே ஒரு வரி போட்டுக்கொள்வார்: ‘அச்சமைப்பு: வே. அருள்நாயகம்.’

நாற்பத்திரண்டாவது கல்வெட்டு அவருக்கே தேவைப்படும் என்று யார் கண்டது? தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவே இல்லை.

அது 1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. வெளியே பனி கரைந்து சேறாகிக் கிடந்தது. அச்சகம் வைத்திருக்கும் தம்பிமுத்து வந்து, ஒரு கொப்பியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

“தங்கச்சி, அருளின்ர தாய் இராஜேஸ்வரி, தகப்பன் வேலாயுதம். அது சரி. அதுக்கு மேலை?”

கஜனியின் அம்மா யோகமலர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியாதண்ணை. நாங்கள் கலியாணம் கட்டினது ஜேர்மனியிலை. மாமியை நான் படத்திலைதான் கண்டனான். இவற்ற பெரியக்கா லண்டனிலை இருந்தவ. அவவுக்குத்தான் எல்லாம் தெரியும். அவவும் போன வருசம் கண்ணை மூடிட்டா.”

“ஊருக்கு ஒருக்கா அடிச்சுக் கேட்டா?”

“ஊருக்கு லைன் எங்கை அண்ணை? சண்டைக்குள்ளை அங்கை இப்ப ஆர் எந்த இடத்திலை இருக்கினமெண்டே தெரியாது.”

தம்பிமுத்து கொப்பியை மெதுவாக மூடினார். அவருக்கும் மனம் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “அப்ப படமும் தேவாரமுமா ரெண்டு பக்கத்தோட விடுவம். என்னவெண்டாலும் திங்கள் பின்னேரத்துக்குள்ளை தந்திடுங்கோ. அப்பத்தான் ஞாயிறுக்குக் கையிலை கிடைக்கும்.”

அவர் போன பிறகும் கஜனி அதே இடத்தில் நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. நாற்பத்தொரு பேரின் பாட்டன், பூட்டன் பெயர்களைத் தேடித் தேடிப் போட்டவர் அப்பா. ஒரு பெயருக்காக நோர்வேக்கும் சுவிசுக்கும் தொலைபேசி எடுத்தவர். அவருடைய புத்தகத்தில் மட்டும் அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதா?

“அம்மா, அப்பா எல்லாம் அடிச்சு வைச்சிருக்கிறார். அப்பம்மாவின்ர கல்வெட்டு. லண்டன் மாமி போனிலை சொல்லச் சொல்ல அடிச்சவர். I saw it, அம்மா. நான் பக்கத்திலை இருந்தனான்.”

“அது எங்கை பிள்ளை இப்ப? கொம்பியூட்டர்தான் தைமாதமே செத்துப்...” அம்மா அந்தச் சொல்லைப் பாதியில் விட்டுவிட்டார்.

கஜனி அலுமாரிக்கு ஓடினாள். அப்பாவின் சட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்தாள். பாட்டுக் கேட்கும் கசெற் போலத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் தடிப்பு. மேலே ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் அப்பாவின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: ‘எல்லாம்’.

கணினியில் உள்ளதையெல்லாம் பிரதி எடுத்து வைக்கும் டேப் அது. மாதத்துக்கு ஒரு தடவை அப்பா அதைச் செய்வார். தை மாதத்தில் கணினி நின்றுபோனபோதுகூட அவர் பதறவில்லை. “அதுக்கென்ன, எல்லாம் டேப்பிலை கிடக்கு. புதுசு வாங்கின உடனை போட்டிடலாம்” என்றார். புதுசு வாங்குவதற்குள் அவரே போய்விட்டார்.

டேப்பைப் போட்டு வாசிக்கும் பெட்டி, அந்தச் செத்த கணினியின் வயிற்றுக்குள் இருந்தது. அதைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்ட வேண்டும். அவர்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தமிழர் வீடு முப்பது இருந்தாலும், கணினி இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். பதினான்காம் மாடி, மகேஸ்வரன் அங்கிள் வீடு.

“அங்கை நாங்கள் போக ஏலாது பிள்ளை” என்றார் அம்மா. “துடக்கு வீடெல்லோ. அவையின்ர கொம்பியூட்டர் சாமித் தட்டுக்குக் கீழை இருக்கு.”

இறந்தவர் வீட்டுக்காரர் முப்பத்தோரு நாள் முடியும்வரை மற்றவர் வீடுகளுக்குப் போக மாட்டார்கள். அந்த நாட்களைத்தான் துடக்கு என்பார்கள். பக்கத்து வீட்டார்தான் சாப்பாடு கொண்டுவந்து தருவார்கள். கஜனி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அப்போது ஆறு வீட்டுச் சாம்பார் ஆறு சட்டியில் இருந்தது. நான்கு வயதுத் தங்கை அட்சயா, அந்தப் பெட்டியின் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்வாள்.

கஜனி சற்று யோசித்தாள்.

“நாங்கள்தானே அங்கை போகக் கூடாது? அவையின்ர கொம்பியூட்டர் இஞ்சை வரலாம்தானே?”

அம்மா பதில் தேடுவதற்குள் அவள் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில், கஜனி வீடு இருந்த ஆறாம் மாடியில் லிஃப்ட் திறந்தது. முதலில் வெளியே வந்தது கடைத் தள்ளுவண்டி. அதில் இரண்டு தலையணை. அவற்றின் மேல், பூப்போட்ட படுக்கை விரிப்பால் போர்த்தப்பட்டுக் கணினி கிடந்தது. பின்னால் மகேஸ்வரன், குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர்போல ஒவ்வொரு அடியாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“பார்த்து, பார்த்து. லிஃப்டிலை ஒருத்தன் இதைப் பாத்திட்டு ‘பேபி நித்திரையோ’ எண்டு கேக்கிறான்” என்றார்.

“குணவதி ஒண்டும் சொல்லேல்லையே தம்பி?” என்று அவருடைய மனைவியை நினைத்து அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அவதான், யோகமக்கா, என்னைப் பிடிச்சுத் தள்ளி விட்டவ. அருள் அண்ணை அவவின்ர அப்பாவுக்குச் செய்த கல்வெட்டு இண்டைக்கும் சாமித் தட்டிலை இருக்கு. திரும்பி வரேக்கை எனக்குத் தெளிக்க மஞ்சள் தண்ணியோட வாசல்லை நிப்பா. கொம்பியூட்டருக்குத் தெளிச்சுப் போடாதை தாயே எண்டு கும்பிட்டுப்போட்டு வாறன்.”

அம்மாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. இருபத்துமூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. கஜனி அதைப் பார்த்துவிட்டாள்.

மகேஸ்வரன் போர்வையை நீக்கினார். புத்தம் புதுக் கணினி. நெற்றியில் சந்தனப் பொட்டு. முகப்பில், கணினியைப் போட்டால் ‘100’ என்று சிவப்பு எழுத்து எரியும் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குக் கீழே ஒரு பொத்தான். அந்தப் பொத்தானின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது.

“உது என்ன அங்கிள்?”

“அதைத் தொட்டிடாதை பிள்ளை! அமத்தினா மெசின் ஆமை மாதிரிப் போகும். வேகத்துக்கெண்டுதானே புதுசு வாங்கினது? குணவதி தூசி தட்டேக்கை கை பட்டிடுமெண்டு நான்தான் ஒட்டி வைச்சனான்.”

இரண்டு கணினிகளையும் பக்கம் பக்கமாக வைத்துத் திறந்தார்கள். கஜனி டோர்ச் பிடித்தாள். அப்பாவின் கணினிக்குள்ளிருந்து டேப் பெட்டியை மகேஸ்வரன் கழற்றி எடுத்தார். செங்கல் போலக் கனத்தது. அதன் பின்னால் தட்டையாக, நாடா போன்ற ஒரு வயர். புதுக் கணினியில் அதைப் பொருத்தியபோது அளவெடுத்துச் செய்ததுபோல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

“வயர் ரெண்டிலையும் ஒரே மாதிரித்தான்!” என்று கஜனி துள்ளினாள்.

ஆனால் கணினியைப் போட்டால், அது அப்படி ஒரு பெட்டி இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. புது வீட்டுக்காரர் பழைய வாடகைக்காரரைப் பார்த்து ‘யார் நீங்கள்?’ என்று கேட்பதுபோல இருந்தது. மகேஸ்வரன் மூன்று தடவை அணைத்துப் போட்டார். பலன் இல்லை.

“அப்பா ஒரு பிளொப்பி போட்டுத்தான் தொடங்கிறவர்” என்று கஜனி நினைவுபடுத்திச் சொன்னாள். மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தபோது அதற்குள் அந்தப் பிளொப்பியும் இருந்தது. அதைப் போட்டதும் திரை கறுப்பாகி, வெள்ளை எழுத்துகள் வந்தன. அப்பாவின் கணினித் திரை இப்படித்தான் இருக்கும்.

டேப்பை உள்ளே தள்ளினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது.

ஊஊம்... டக்.

திரும்ப முதலிலிருந்து.

ஊஊம்... டக்.

ஐந்தாறு தடவை இப்படியே போய் வந்துவிட்டு, டேப்பிலிருந்து பதில் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி முயன்றார்கள். மறுபடியும் அதே கதை. அட்சயாவுக்கு மட்டும் நல்ல பொழுதுபோக்கு. தன் பொம்மை பஸ்ஸைத் தரையில் உருட்டி, “ஊஊம் டக்! ஊஊம் டக்!” என்று முன்னும் பின்னும் இழுத்தாள்.

மகேஸ்வரன் டேப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“யோகமக்கா, உள்ளதைச் சொல்லுறன். உப்பிடி முன்னும் பின்னும் இழுபட்டா டேப் அறுந்துபோம். இன்னும் ஒருக்கா தாங்கலாம். அதுக்கு மேலை நான் கை வைக்க மாட்டன்.”

அம்மா டேப்பை வாங்கிக்கொண்டார். அதில் இருந்த அப்பாவின் எழுத்தைப் பெருவிரலால் தடவினார்.

“விடுங்கோ தம்பி. அறுந்துபோனா இதுவும் இல்லாமல் போயிடும். ரெண்டு பக்கத்தோடயே அடிப்பம். இது இப்பிடியே இருக்கட்டும்.”

கஜனி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வந்தது. அப்பாவின் பூட்டன் பெயர் கைக்கு எட்டும் தூரத்தில், அந்தக் கசெற்றுக்குள், சுருண்டு கிடக்கிறது. அதை வாசிக்கத்தான் ஆள் இல்லை.

பின்னால் பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. ஊஊம் டக். ஊஊம் டக்.

“அட்சயா, stop it!” என்று திரும்பிக் கத்தினாள்.

தங்கை பயந்து பஸ்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கீழுதடு நடுங்கியது. கஜனிக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“சரி, அழாதை. திருப்பிச் செய். அக்கா பாக்கிறன்.”

அட்சயா மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடங்கினாள். பஸ் போனது, நின்றது, பின்னால் வந்தது. போனது, நின்றது, பின்னால் வந்தது. கஜனி பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் போக்கை அவள் எங்கேயோ கண்டிருக்கிறாள்.

எங்கே என்று தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு கல்வெட்டும் அச்சுக்குப் போகும் முன், அப்பாவும் அவளும் எதிரெதிரே உட்காருவார்கள். கணினியில் அடித்த தாளை அவள் சத்தமாக வாசிப்பாள். அப்பா மூலத்தாளில் வரி வரியாக விரலை வைத்து ஒத்துப் பார்ப்பார். ஒப்புநோக்குவது என்று அவர் அதைச் சொல்வார். கஜனிக்கோ விளையாடப் போகும் அவசரம். கடகடவென்று வாசிப்பாள். அப்பாவின் விரல் எங்கேயோ தடுமாறி நிற்கும். திரும்ப வரியின் தொடக்கத்துக்குப் போகும். கொஞ்சம் வரும், மறுபடி நிற்கும், மறுபடி தொடக்கத்துக்குப் போகும்.

“பிள்ளை, ஆறுதலா வாசி. என்ர விரல் பின்னுக்கு நிக்குது” என்பார்.

கஜனி எழுந்து நின்றாள்.

“அங்கிள், டேப் பழுதாகேல்லை. அதின்ர விரல் பின்னுக்கு நிக்குது!”

மகேஸ்வரன் திருதிருவென்று விழித்தார். அவள் கணினியைக் காட்டினாள்.

“டேப் பழசு. அப்பாவின்ர பிளொப்பியும் பழசு. உங்கட கொம்பியூட்டர் மட்டும் புதுசு. இது சரியான fast. அதுகளாலை இதுக்குப் பின்னாலை ஓட ஏலேல்லை. அதுதான் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குப் போகுது.”

“வேகமா ஓடத்தானே பிள்ளை நான் இதை வாங்கினனான்!”

“ஓம் அங்கிள். ஆனா இதுக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதலா போகச் சொல்ல ஏலாதா?”

அவளுடைய பார்வை எங்கே போகிறது என்று மகேஸ்வரனும் பார்த்தார். ஒட்டுத்தாள் ஒட்டிய அந்தப் பொத்தான். அவர் ஒட்டுத்தாளின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கையில் இருந்த டேப்பை ஒருதரம் பார்த்தார். இன்னும் ஒரு தடவைதான் தாங்கும். அறுந்தால் அறுந்ததுதான். அவர் அதைக் கஜனியிடம் நீட்டினார்.

“அப்பாவோட இருந்து வாசிச்சது நீதானே. நீயே போடு.”

மகேஸ்வரன் ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தார். அது லேசில் வரவில்லை. அவ்வளவு பத்திரமாக ஒட்டியிருந்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். சின்னக் கண்ணாடியில் ‘100’ மறைந்து ‘50’ வந்தது.

கஜனி டேப்பைத் தள்ளினாள்.

ஊஊம்...

எல்லோரும் அந்த ‘டக்’குக்காகக் காத்திருந்தார்கள்.

...ஊஊஊஊஊஊம்.

டக் வரவில்லை. அட்சயா பஸ்ஸைத் தூக்கிப் பிடித்தபடி, “டக் எங்கை?” என்று கேட்டாள். பெட்டி ஒரே சீராக, நீளமாக உறுமிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் கேட்ட அதே சத்தம். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

திரையில் பெயர்கள் வரத் தொடங்கின. ஆங்கில எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. அப்பா கல்வெட்டு செய்து கொடுத்த ஒவ்வொருவரும் வந்தார்கள். குணவதி அன்ரியின் அப்பாவும் வந்தார். கஜனி எண்ணினாள். நாற்பத்தொன்று. அதற்குக் கீழே இன்னொன்று: ‘AMMA’.

“எட கடவுளே!” என்று மகேஸ்வரன் தலையில் கை வைத்தார். “நான் பெரிய கெட்டிக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இப்பத்தான் விளங்குது. இந்தப் பழைய புரோகிராம் டேப்பிட்டை ஒண்டைக் கேட்டுப்போட்டு, ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிக்கொண்டு நிக்கும். என்ர மெசின் கண்ணை மூடித் திறக்க முதல் மூண்டையும் எண்ணிப்போடும். டேப் வாயைத் திறக்கிறதுக்குள்ளை ‘பதில் இல்லை’ எண்டு முடிவு கட்டிப்போடும். பாவம், அது பதில் சொல்லத்தான் ஓடி வந்திருக்கு!”

எல்லாவற்றையும் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. முடிந்ததும் கஜனி ‘அம்மா’வைத் திறந்தாள்.

தமிழ் எழுத்துகள் திரையில் வந்து நின்றன. அப்பம்மா இராஜேஸ்வரி. அவருடைய தந்தை கதிரித்தம்பி, தாய் சின்னாச்சி. அப்பப்பா வேலாயுதம். அவருடைய தந்தை, அந்தத் தந்தையின் தந்தை, யார் யார் எந்த ஊரில் கலியாணம் கட்டினார்கள் என்று கிளை கிளையாக ஒரு பக்கம் முழுவதும் பெயர்கள். அந்தப் பக்கத்தின் கடைசி வரிசையில் ‘கஜனி, அட்சயா’ என்று இருந்தது.

கடைசியில் அப்பா தன் அம்மாவுக்காக எழுதியிருந்ததைக் கஜனி சத்தமாக வாசித்தாள்.

“‘நாட்டு நிலைமையால் அம்மாவின் இறுதிக் கிரியைக்கு என்னால் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாளுக்கும் இந்தப் புத்தகம் ஆகவில்லை. இனி என்ன அவசரம்? ஒரு பெயரும் விட்டுப்போகாமல் ஆறுதலாகச் செய்கிறேன்.’”

அம்மா அழுதார். இருபத்துமூன்று நாளும் வந்தவர்களுக்கு முன்னால் அழுத அழுகை இல்லை இது. கஜனியும் பக்கத்தில் போய் இருந்து அழுதாள். மகேஸ்வரன் சத்தம் இல்லாமல் போய், ஆறு சாம்பாரில் ஒன்றைச் சூடாக்கத் தொடங்கினார்.

அழுது முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மாமியின்ரயும் இதோடயே வரட்டும். தாயும் மகனும் ஒரே புத்தகத்திலை இருக்கட்டும்.”

திங்கட்கிழமைவரை கணினி அங்கேயே தங்கிவிட்டது. அம்மா சொல்லச் சொல்ல, கஜனி அப்பாவைப் பற்றிய பக்கங்களை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். ஜேர்மனி, கனடா, கதவுப்பிடித் தொழிற்சாலை, நாற்பத்தொரு கல்வெட்டு எல்லாம் வந்தன. பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கஜனி வாசித்தாள். அம்மா விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். திங்கட்கிழமை பின்னேரம் ஒரு பிளொப்பி தம்பிமுத்துவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை தொலைபேசி அடித்தது. கஜனிதான் எடுத்தாள்.

“பிள்ளை, தம்பிமுத்து கதைக்கிறன். கடைசிப் பக்கத்திலை ஒரு பிழை கிடக்குது. ‘அச்சமைப்பு: வே. அருள்நாயகம்’ எண்டு வந்திருக்கு. அப்பா எல்லாப் புத்தகத்திலையும் போடுற வரி, அப்பிடியே இதிலையும் வந்திட்டுது போல. ஆள் தன்ர கல்வெட்டைத் தானே செய்யிறேல்லையே அம்மா. எடுத்து விடட்டே?”

அவள் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. தொலைபேசி வயரைச் சுற்றிச் சுற்றி யோசித்தாள்.

“வேண்டாம் அங்கிள். அரைவாசிக்கு மேலை அப்பாதானே அடிச்சவர்? அது பிழையில்லை. அதை அப்பிடியே விடுங்கோ. ஆனா, அதுக்குக் கீழை இன்னொரு வரி போட இடம் இருக்கோ?”

“இருக்கு. சொல்லு பிள்ளை.”

அவள் சொன்னாள். மறுமுனையில் தம்பிமுத்து அதை ஒருதரம் மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

“போடுறன்” என்றார் தம்பிமுத்து. அவருடைய குரல் கரகரத்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. அப்பா யார் யாருக்குக் கல்வெட்டு செய்தாரோ, அந்தக் குடும்பங்களெல்லாம் வந்திருந்தன. தம்பிமுத்து ஒவ்வொருவர் கையிலும் புத்தகத்தைக் கொடுத்தார். சபையில் கல்வெட்டை எழுந்து வாசிப்பது எப்போதும் அப்பாவின் வேலை. இன்று யார் வாசிப்பது என்று பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“கஜனி வாசிப்பாள்” என்றார் அம்மா.

கஜனி முன்னால் போய் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். வரிசை வரிசையாக எல்லோரும் புத்தகத்தைத் திறந்து, முதல் வரியில் விரல் வைத்துக் காத்திருந்தார்கள். குணவதி அன்ரி, மகேஸ்வரன் அங்கிள், அம்மா எல்லோரும் அப்படித்தான். அட்சயா மட்டும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஆனால் அவளும் விரல் வைத்திருந்தாள்.

கஜனி தொடங்கினாள். கதிரித்தம்பி, சின்னாச்சி, வேலாயுதம், இராஜேஸ்வரி, அருள்நாயகம். ஒவ்வொரு பெயராக, அவசரமில்லாமல் வாசித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், வழக்கத்தில் யாரும் வாசிக்காத அந்த எறும்பு எழுத்தையும் வாசித்தாள்.

“அச்சமைப்பு: வே. அருள்நாயகம். ஒப்புநோக்கியவர்: அ. கஜனி.”

புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தாள். மண்டபத்தில் ஒருவருடைய விரலும் பின்னுக்கு நிற்கவில்லை.